காசு கொடுத்துச் செய்த சேறு

பின்பக்கம் ஆள் வைத்துக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கொல்லைப் படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னப்பா, கிணறா?"

"இல்லம்மா, சேறு."

"சேறா?"

"சேறு பண்ணி அதுல செடி வைக்கப்போறேன்."

அம்மா மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. ஆயுசில் பாதியை நடவு வயலில் கழித்தவள். சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும் ஆறி, இப்போதுதான் டைல்ஸ் தரையில் நிம்மதியாக நடக்கிறாள். "காசு குடுத்தா?" என்று மட்டும் கேட்டாள். கூலி இவ்வளவு, ஷீட் இவ்வளவு என்று நான் கணக்குச் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். இது 2021 ஜனவரியில்.

ஆசை வந்ததற்குக் காரணம் ஏசி. வெளியே தொங்கும் குழாயிலிருந்து சொட்டிச் சொட்டிப் பின்பக்கத்து மூலை முழுக்கப் பாசி பிடித்திருந்தது. மனைவி ஒருநாள் அதில் வழுக்கி விழுந்து கையைப் பிசகிக்கொண்டாள். அந்த இடத்தில் சிமெண்ட் பூசுவதா, ஏதாவது செடி வைப்பதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் இங்கிலாந்துக்காரர் ஒருவரின் வீடியோ கண்ணில் பட்டது. பாக் கார்டன் என்றார். குளமும் இல்லை, பாத்தியும் இல்லை. மண் வருஷம் பூராவும் சொதசொதவென்று இருக்க வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். தோண்டு, பழைய ஷீட்டை விரி, மண்ணைத் திருப்பிக் கொட்டு, செடி வை. வீடியோவில் அரைமணி நேர வேலை. எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

தமிழில் என்ன பெயர் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். சதுப்புத் தோட்டம் என்றால் புத்தகத்தனமாக இருக்கிறது. சேற்றுத் தோட்டம் என்றே வைத்துக்கொள்கிறேன். மனைவி இன்றுவரை அதை "உங்க சகதி" என்றுதான் சொல்கிறாள்.

குழியின் அளவு 10 அடிக்கு 6 அடி, ஆழம் ஒன்றரை அடி. வெட்ட வந்தவர் முதல் ஒரு அடிக்குக் கடப்பாரையைத்தான் பிடித்தார். மண்வெட்டி இறங்கவில்லை. செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ், சிமெண்டுக் கட்டி, சாக்குக் கிழிசல், ஒரு பாதிச் செருப்பு. மனை போட்டபோது மேடாக்குவதற்காக லாரி லாரியாகக் கொட்டிய ரப்பிஷ். அதற்குக் கீழே மண் சட்டென்று நிறம் மாறியது. கருகருவென்று, கத்தியால் வெட்டினால் அல்வா மாதிரி நிற்கும் களிமண். ஒரு பிடி எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளை நத்தை ஓடுகள்.

நாங்கள் இருப்பது பெரும்பாக்கத்துப் பக்கம். வடக்கே கொஞ்ச தூரத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். தென்சென்னையின் ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றில் வழிந்து கடைசியில் வந்து சேரும் இடம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் பிறகு கோவளம் கழிமுகத்துக்கும் தண்ணீர் போகிறது. இந்த மாதிரி நிலத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கழுவெளி. 2022இல் இதை ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள், சுமார் 1,250 ஹெக்டேர். ஒருகாலத்தில் இருந்தது இதைப்போலப் பல மடங்கு. மீதி எங்கே போயிற்று என்று கேட்டால் நான் என் பின்பக்கக் குழியைக் காட்ட வேண்டியதுதான். சதுப்பின் மேல் ரப்பிஷைக் கொட்டி, அதன் மேல் வீடு கட்டி, அந்த வீட்டின் பின்னால் காசு கொடுத்து ஒரு சதுப்பைச் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அன்றைக்கு மண்டையில் உறைத்தது. குழி வெட்டியவரிடம் சொன்னேன். "அதுக்கு என்ன சார் பண்றது, மண்ணு அள்ளுற பாண்டை எடுங்க" என்றார்.

முதல் வருஷத் தப்பு: ஷீட்டில் ஓட்டை போடவில்லை.

பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் கறுப்பு ஷீட் வாங்கியிருந்தேன். அடியில் ஸ்குரூ டிரைவரால் நாலைந்து இடத்தில் குத்த வேண்டும் என்று வீடியோக்காரர் சொன்னதைக் கேட்டேன்தான். ஆனால் காசு கொடுத்து ஷீட் வாங்கி அதை எவனாவது குத்துவானா? குத்தாமல் விரித்தேன். மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு, கடையில் கட்டாக வாங்கிய வல்லாரையை வேரோடு நட்டேன். ஒரு மாதம் ஜோராக இருந்தது. ஆறாவது வாரத்தில் வல்லாரை மஞ்சளித்தது. குச்சியை விட்டுக் கிளறியதும் குப்பென்று ஒரு நாற்றம். அழுகிய முட்டை. மண் தாரைப்போலக் கறுத்திருந்தது. கிளறிய இடத்தில் குமிழி குமிழியாக வந்தது.

மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கு முழுவதையும் தண்ணீர் அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று போக வழியில்லை. இருக்கிற ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தின்று தீர்த்துவிடும். அதற்குப் பிறகு ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கத் தெரிந்த வேறு கூட்டம் வேலையைத் தொடங்கும். அதில் ஒரு வகை, சல்பேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அந்த வாடைதான் முட்டை வாடை, வேருக்கு அது விஷம். இயற்கையான சதுப்பிலும் இதெல்லாம் உண்டு. ஆனால் அங்கே தண்ணீர் மெதுவாகவாவது நகர்ந்துகொண்டே இருக்கும். என்னுடையது அண்டா. அண்டாவில் ஊறவைத்த மண்.

இரண்டாவது வருஷம் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். நாற்றத்துக்குப் பயந்து ஷீட்டைச் சல்லடையாகக் குத்தினேன். எண்ணவில்லை, ஐம்பதுக்கு மேல் இருக்கும். மண் இறுகக் கூடாதென்று எம் சாண்டும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து போட்டேன். மழைக்காலத்தில் அருமையாக இருந்தது. மே மாதம் கத்திரி வெயில் பிறந்தது. காலையில் ஐந்து குடம் ஊற்றினால் மத்தியானம் மண் மேலே பொருக்குத் தட்டியது. அடியில் களிமண்தானே, தண்ணீர் எங்கே போய்விடும் என்று நினைத்திருந்தேன். கோடையில் அந்தக் களிமண்ணே விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஊற்றியதெல்லாம் அந்த வெடிப்பு வழியே போயிற்று. வசம்புத் தாள்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தன.

இந்தக் கட்டத்தில்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

"சேறு அடிச்சியா?"

"தண்ணி ஊத்தினேனே."

"தண்ணி ஊத்தினா சேறாயிடுமா? அடிக்கணும்ப்பா. மிதிக்கணும். கலங்கி, பால் மாதிரி ஆகி, அப்புறம் படியணும். அப்பத்தான் தண்ணி இறங்காது. நாங்க என்னத்துக்கு மாட்ட கட்டிச் சேத்துல சுத்தினோம்னு நெனச்சே?"

நெல் வயலில் நடவுக்கு முன்னால் தண்ணீர் கட்டிச் சேறடிப்பதை நான் சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாற்று சுலபமாக இறங்குவதற்காகச் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதிதான். சேற்றைக் கலக்கும்போது மண்ணின் கட்டுமானம் உடைந்து, பொடிக் களித்துகள் தனித்தனியாகப் பிரிந்து, இடுக்குகளில் போய்ப் படிந்து அடைத்துவிடுகிறது. ஷீட் இல்லாமலே தண்ணீர் நிற்க வழி. ஒரேயடியாக அடைப்பதும் இல்லை, மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். தஞ்சாவூர் ஜில்லாவே ஒரு சேற்றுத் தோட்டமாக இருக்கும்போது, நான் இங்கிலாந்துக்காரரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆடியில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஷீட்டின் ஓட்டைகளை டேப் போட்டு அடைத்தேன், அடியில் நாலைத் தவிர. பக்கவாட்டில், மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் கீழே, வரிசையாகச் சில கீறல்கள். அடைமழையில் மிஞ்சும் தண்ணீர் அந்தக் கீறல் வழியே போய்விடும், மீதி உள்ளே நிற்கும். அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி. அதன் மேல் ஒன்றேகால் அங்குல பிவிசி குழாய் ஒன்றைப் படுக்கவைத்து, துரப்பணத்தால் துளை போட்டு, ஒரு முனையை மூடி, மறுமுனையை மேலே தூக்கி ஏசிக் குழாயோடு சேர்த்துவிட்டேன். தண்ணீர் மேலிருந்து வந்தால் பாதி ஆவியாகிப் போகிறது, கீழிருந்து வந்தால் வேருக்குப் போகிறது. அப்புறம் எம் சாண்டையெல்லாம் விட்டுவிட்டு, குழியிலிருந்து எடுத்த அதே கறுப்புக் களியை, கொஞ்சம் மக்கிய இலைக்குப்பையோடு போட்டுத் தண்ணீர் கட்டினேன்.

மிதிப்பதற்கு நான் இறங்கினேன். கணுக்கால் வரைதான் போனது. குதித்தேன். அம்மா படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆட்டுக்கல்லு மாதிரி ஒரே இடத்துல நின்னு குதிக்கிறே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் புடவையைச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி இறங்கினாள். 76 வயது. காலைத் தூக்கவில்லை, குதிக்கவும் இல்லை. குதிகாலை அழுத்தி ஒரு திருகு, அடுத்த கால் ஒரு திருகு. பத்து நிமிஷத்தில் அவள் நின்ற பக்கம் கூழாகிவிட்டது. என் பக்கம் கட்டி கட்டியாகக் கிடந்தது. மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, "வழுக்கி விழுந்தா யார் பாக்கறது" என்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

இரண்டு நாளில் சேறு படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் வடிந்து போயிற்று. மூலையில் துளை போட்ட ஒரு குழாயை நட்டுவைத்திருக்கிறேன். அதில் குச்சியை விட்டு எடுத்தால் உள்ளே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். மண் மட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இருந்தால் சரி. மேலே வந்தால் கொசு, அரை அடிக்குக் கீழே போனால் வாட்டம். வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன், அதைப் பற்றிப் பிறகு.

செடிகளுக்கு வருகிறேன். நர்சரியில் போய்ச் சேற்றில் வளரும் செடி கேட்டால் கல்வாழையையும், அம்ப்ரெல்லா பாம் என்று குடைக்கோரையையும் எடுத்து நீட்டுவார்கள். இரண்டும் தப்பில்லை, கண்ணை மூடிக்கொண்டு வளரும். ஆனால் நமக்கு வேண்டிய பாதி, கீரைக்கார அம்மாவின் கூடையிலேயே இருக்கிறது. வல்லாரைக் கட்டில் வேரோடு நாலு கொடி கட்டாயம் இருக்கும். பொன்னாங்கண்ணித் தண்டைக் கணுவுக்குக் கீழே நறுக்கிச் சேற்றில் செருகினால் ஒரு வாரத்தில் வேர் விடும். கரிசலாங்கண்ணியை நட வேண்டியதே இல்லை, ஈரம் கண்டால் தானாக வரும். நீர்ப்பிரமியை மூலிகைச் செடி விற்பவரிடம் ஒரு சின்னக் கப்பில் வாங்கினேன். சதைப்பற்றுள்ள குட்டி இலை, வெள்ளையும் வெளிர் ஊதாவும் கலந்த பூ. ஒரே வருஷத்தில் பாய் விரித்த மாதிரி பரவிவிட்டது. பள்ளிக்கரணையின் ஓரத்தில் இதெல்லாம் கிடைக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே போய்ச் செடி பிடுங்காதீர்கள். காப்புக்காடு அது.

எனக்குப் பிடித்தது ஆரைக்கீரை. ஒரு காம்பின் மேல் நாலு இலை, சின்னக் காற்றாடி மாதிரி. பார்த்தால் கீரை, பிறப்பால் பெரணி ஜாதி. பூக்காது. பொழுது சாய்ந்ததும் நாலு இலையையும் ஒன்றாகக் கூப்பிக்கொண்டு தூங்கிவிடும். ஆபீஸிலிருந்து நான் வரும் நேரத்துக்குப் பெரும்பாலும் தூங்கியிருக்கும், ஞாயிற்றுக்கிழமைதான் முழித்திருப்பதைப் பார்க்க முடியும்.

சேம்பு பின்வரிசையில். அதன் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். சேற்றில் வாழும் செடிகளின் சூட்சுமம் அந்த ஓட்டையில்தான். மண்ணில் காற்று இல்லை என்பதால் இலையிலிருந்து வேர் வரைக்கும் காற்றுக்குத் தனி வழி வைத்திருக்கின்றன. நெல்லுக்கும் அப்படித்தான். ஒருநாள் களையெடுக்கும்போது கோரை ஒன்றை மெதுவாக உருவினேன். மண் கன்னங்கரேலென்று இருந்தது, வேர் மட்டும் துருப்பிடித்த கம்பி மாதிரி ஆரஞ்சாக வந்தது. கழுவிப் பார்த்தாலும் போகவில்லை. நிஜமாகவே துருதான். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன், பக்கத்து மண்ணிலிருக்கும் இரும்பைத் துருவாக்கி வேரைச் சுற்றிப் பூசிவிடுகிறது. காற்றில்லாத கறுப்பு மண்ணுக்குள் ஒவ்வொரு வேரும் தன்னைச் சுற்றி ஒரு நூல் அளவுக்குக் காற்றை வைத்துக்கொண்டு வாழ்கிறது. அன்றைக்கு அந்த வேரைச் செய்தித்தாளில் வைத்து வீட்டிலிருந்த எல்லோரிடமும் காட்டினேன். யாருக்கும் பெரிதாக ஆர்வம் வரவில்லை.

இரும்பால் இன்னொரு கூத்தும் நடந்தது. சேற்றின் பள்ளமான ஓரத்தில் ஒருநாள் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. பக்கத்து வீட்டு சார் மதில் மேலிருந்து பார்த்துவிட்டு, "ஜெனரேட்டர் டீசல் எங்கியோ லீக் ஆகுது, போர்ல கலந்துடப் போகுது" என்று பதறினார். குச்சியால் படலத்தைக் குத்தினேன். எண்ணெயாக இருந்தால் சுழன்று மறுபடி ஒட்டிக்கொள்ளும். இது உடைந்த கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகப் பிரிந்தது. இரும்பைத் தின்னும் பாக்டீரியாவின் வேலை அது. சாருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு வாரம் தினமும் வந்து குத்திப் பார்த்தார்.

தோற்றவற்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு கடையில் வீனஸ் ஃப்ளைட்ராப் வரவழைத்தேன், பூச்சியைக் கப்பென்று பிடிக்கும் செடி. சேற்றுத் தோட்டம் என்றாலே வெளிநாட்டில் அதுதான் ராஜா. மூன்றே வாரத்தில் கருகிவிட்டது. அதற்கப்புறம்தான் படித்தேன். அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடற்கரை ஓரம் மட்டுமே. சத்தே இல்லாத அமில மண், உப்பில்லாத தண்ணீர். மண்ணில் கிடைக்காத நைட்ரஜனுக்காகத்தான் பூச்சியையே பிடிக்கக் கற்றுக்கொண்டது. நான் அதற்குப் போர்த் தண்ணீரை ஊற்றினேன். டிடிஎஸ் மீட்டரில் 1,400 காட்டுகிற தண்ணீர். நம் பக்கத்தில் அந்த மாதிரி அமிலச் சதுப்பு வேண்டுமென்றால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். அங்கே சோலைகளுக்கு நடுவே புல்வெளிப் பள்ளங்களில், மக்காத தாவரம் கரியாகப் படிந்த மண் இருக்கிறது. இருபதாயிரம் ஆண்டுப் பழைய பருவமழையின் தடயத்தை அந்த மண்ணிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் படித்திருக்கிறார்கள். சமவெளியில், களிமண்ணில் இருக்கிற நமக்கு அது வேறு உலகம். நான் செய்து வைத்திருப்பது ஏரிக்கரைச் சேறு, அதற்கு ஏரிக்கரைச் செடிதான் ஒத்துவரும்.

உப்பு விஷயத்தை அந்தச் செடி செத்துத்தான் புரியவைத்தது. கோடையில் மண் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு போவதில்லை. ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடலாம் என்று நல்ல எண்ணத்தில் பலர் செய்கிறார்கள். தண்ணீர் வடிந்து ஓடும் பாத்தியில் எப்படியோ, சேற்றுத் தோட்டத்தில் வேண்டாம். ஏசித் தண்ணீர் இதற்கு நேர் எதிர், உப்பே இல்லாதது. குடிக்க ஆகாது, செடிக்கு ஆகும். எங்கள் வீட்டில் ராத்திரி பூராவும் ஓடினால் விடியற்காலையில் ஒரு பக்கெட்டுக்குக் குறையாமல் வருகிறது. கோடையில் அது மட்டும் பத்தாது. என் தோட்டம் சுமார் ஐந்தரை சதுர மீட்டர். மே மாத வெயிலில் நாளுக்கு ஆறேழு மில்லிமீட்டர் போகிறது என்று வைத்தால் 35 லிட்டருக்கு மேல் ஆகும், மூன்று குடம். மிச்சத்துக்கு மாடியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர், அதுவும் தீர்ந்தால் போர்த் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழை வந்து சேர்ந்த உப்பைக் கழுவிவிடும்.

பாத்திரம் கழுவின தண்ணீரை விடலாமா என்பது அடுத்த கேள்வி. கிராமத்தில் கிணற்றடி வாய்க்கால் போய்ச் சேரும் மூலையில் வாழை, சேம்பு, கல்வாழை, பொன்னாங்கண்ணி எல்லாம் இருந்தது. அம்மா என் தோட்டம் ஒருவழியாகப் பச்சை பிடித்ததும், "இது நம்ம கிணத்தடிதானே, இதுக்கா இவ்ளோ அமர்க்களம்" என்றாள். சரிதான். ஆனால் அன்றைக்குப் பாத்திரம் தேய்த்தது சாம்பலும் புளியும். இன்றைக்குச் சோப்பு. சோப்பில் இருக்கும் சோடியம் களிமண்ணைப் பசையாக்கிவிடும். நான் கல்வாழைக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் குழி வைத்து அந்தத் தண்ணீரை அதில் விடுகிறேன். துவையலுக்குப் பறிக்கிற வல்லாரைப் பக்கம் ஒரு சொட்டு விடுவதில்லை.

கொசு. எல்லோரும் முதலில் கேட்பதும் இதுதான், கேட்க வேண்டியதும் இதுதான். கொசுப்புழு வளரத் திறந்த தண்ணீர் வேண்டும், ஈர மண்ணில் அதனால் நீந்த முடியாது. நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். என் தோட்டத்தில் தேங்கும் தண்ணீரே இல்லை என்று தைரியமாக இருந்தேன். கொசு ஒழிப்பு வேலைக்கு வீடு வீடாக வரும் அம்மா ஒருநாள் வந்தார். தொட்டியைப் பார்த்தார், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பார்த்தார், கடைசியில் தோட்டத்துக்கு வந்தார்.

"தண்ணி நிக்கவே நிக்காதும்மா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டார்ச் அடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார். வல்லாரைக்குப் பக்கத்தில் குனிந்து கரண்டியால் அள்ளி என் முகத்துக்கு நேரே காட்டினார். ஏழெட்டுப் புழு நெளிந்துகொண்டிருந்தது. "இது யாரு கால் சார்?" என்றார். போன வாரம் களையெடுக்க இறங்கியபோது நான் வைத்த காலடி. களிமண் என்பதால் அச்சு அப்படியே நின்று, அதில் தண்ணீர் கட்டி, அதற்குள் ஒரு குடும்பம். அன்றைக்கே நாலு கடப்பா கல்லை வாங்கிவந்து நடுவே பதித்தேன். இப்போது கல் மேல் நின்றுதான் வேலை, காலடி விழுந்தால் உடனே கையால் தடவி மூடிவிடுகிறேன்.

களை பெரிய வேலை. மாதம் இரண்டு ஞாயிறு அதற்கே போகும். கோரையைக் கிழங்கோடு எடுக்காவிட்டால் எடுத்ததாகவே கணக்கில்லை. சம்பு என்கிற உயரமான நீர்ப்புல் அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன், ஒரே மழைக்காலத்தில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் கிழங்கு முனை ஈட்டி மாதிரி, ஷீட்டையே துளைக்கும். ஆறடி இடத்தில் அதை வைக்காதீர்கள். உரம் நான் போடுவதே இல்லை. தை மாதம் எல்லாவற்றையும் கத்தரித்து, பரவியதைப் பிடுங்கிக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கூடை மக்கிய இலை போடுவதோடு சரி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு. தோட்டம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, கல்வாழையின் தலை மட்டும் நாலு நாள் தண்ணீருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, மாடியில் உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கரணைக்குப் போக வேண்டிய தண்ணீர், வழி தெரியாமல் பழைய இடத்துக்கே வந்து நின்றதாக எனக்குத் தோன்றியது. வடிந்த பிறகு இறங்கிப் பார்த்தால் ரோஜாத் தொட்டி, கறிவேப்பிலை, மாடிப்படி ஓரத்துக் குரோட்டன்ஸ் எல்லாம் போய்விட்டது. சேற்றுத் தோட்டத்தில் இரண்டு கல்வாழை சாய்ந்ததுதான் சேதம். வல்லாரை மேல் படிந்த வண்டலைக் கழுவிவிட்டதும் எழுந்துகொண்டது.

ஒரு மாதம் கழித்து நான் வைக்காத செடிகள் முளைத்தன. ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்று ஒதுங்கியிருந்தது, அதை உடனே எடுத்துக் காயப்போட்டுவிட்டேன். கணுவுக்குக் கணு முள்ளோடு ஊதாப் பூப் பூத்தது நீர்முள்ளி. பெயர் தெரியாத கோரை இரண்டு வகை. எந்த ஏரியிலிருந்து மிதந்து வந்ததோ. நீர்முள்ளியை வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வருகிறவர்களும் கூடிப்போனார்கள். காலை எட்டு மணிக்குக் குளவி ஒன்று வந்து, வாயால் சேற்றை உருட்டி, தன் தலை அளவுக்கு உருண்டை பிடித்து எடுத்துக்கொண்டு போகிறது. எங்கே கூடு கட்டுகிறது என்று தேடினேன். மீட்டர் பெட்டிக்குள். மழை விட்ட வெயிலில் வண்ணத்துப்பூச்சிகள் ஈர விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து சேற்றிலிருந்து உப்பு உறிஞ்சுகின்றன. தட்டான், தவளை, இரண்டு தடவை தண்ணிப்பாம்பு. விஷமில்லாதது என்று மனைவியிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அது போய்விட்டது. போன மார்கழியில் மதில் மேல் ஒரு குருட்டுக்கொக்கு வந்து அரைமணி நேரம் அசையாமல் நின்றது. அம்மா அதை மடையான் என்றுதான் சொல்வாள். "மன்னார்குடியிலேர்ந்து என்னைத் தேடிக்கிட்டு வந்திருக்கு" என்றாள்.

போன வாரம் சாயங்காலம், விளக்கு வைத்த பிறகு, பக்கத்து வீட்டு சார் வந்தார். பேரக்குழந்தைக்கு வயிறு உப்புசம், உங்கள் தோட்டத்தில் வசம்பு இருக்கிறதாமே, ஒரு துண்டு வேண்டும் என்றார். அவர் வசம்பின் பெயரை மறுபடி சொல்வதற்குள் அம்மா கையை ஆட்டி நிறுத்தினாள். கிராமத்தில் அந்தி சாய்ந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை வளர்ப்பான் என்பார்கள், இல்லாவிட்டால் பேர் சொல்லா மருந்து.

"புள்ளய மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க" என்றாள் அம்மா. "அது காலையில வாங்கிக்கலாம்."

"எது மாமி, வச..."

"அதான், அது. காலையில வாங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் தோட்டத்தைப் பார்த்தேன். ஆரைக்கீரை இலையை மூடிக்கொண்டிருந்தது.